புகைப்படத்துக்கு எந்தக் கணினி? தில்லியிலிருந்து ஒரு மறுபார்வை

தில்லியில் கேமரா வாங்கச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்தைக்குப் போகிறார்கள். கணினி வாங்க நேரு பிளேஸுக்கு. இந்த இரண்டு சந்தைகளுக்கும் நடுவில் ஒரு கேள்வி முப்பது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. எடுத்த படங்களைப் பார்க்கவும் திருத்தவும் காப்பாற்றி வைக்கவும் வீட்டில் என்ன கணினி வேண்டும், அதில் என்ன மென்பொருள் இருக்க வேண்டும்? மேக்தான் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு ராம் என்றார்கள், எஸ்எஸ்டி என்றார்கள், இப்போது கிராஃபிக்ஸ் கார்டு என்கிறார்கள். மென்பொருளில் காசு கொடுத்து வாங்குவது, சந்தா கட்டுவது, இலவசமாகக் கிடைப்பதைப் பழகிக்கொள்வது என மூன்று கட்சிகள்.

இந்தப் பதில்கள் எதுவும் முட்டாள்தனமானதன்று. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தின் ஒரு நெருக்கடிக்குச் சொல்லப்பட்டது. நெருக்கடி தீர்ந்த பிறகும் பதில் மட்டும் வாய்வழியாக நிலைத்துவிட்டதால்தான் இன்று வாங்கப்போகிறவர் குழம்புகிறார். எந்தப் பதில் எங்கிருந்து வந்தது, அதில் இன்னும் எவ்வளவு செல்லும் என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு நோக்கம். தொழில்முறை ஸ்டுடியோக்களின் தேவை வேறு. ஓக்லாவிலும் சுல்தான்பூரிலும் பறவை எடுப்பவர்கள், குடும்பக் கல்யாணத்தில் கேமராவைத் தூக்குபவர்கள், பயணப் படம் சேர்ப்பவர்கள் ஆகியோரின் வீட்டு மேசையைப் பற்றியதே இது.

மேக் என்ற முதல் பதில்

1990 பிப்ரவரியில் அடோபி வெளியிட்ட போட்டோஷாப்பின் முதல் பதிப்பு மேக்கில் மட்டுமே ஓடியது. விண்டோஸுக்கான பதிப்பு வர 1992 இறுதியானது. 1993-ல் ஆப்பிள் கலர்சிங்க் என்ற நிற மேலாண்மையை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தது. அதே ஆண்டு பல நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. திரையில் பார்த்த சிவப்பு அச்சிலும் சிவப்பாக வர வேண்டுமென்றால் அன்று மேக்கை விட்டால் வழி குறைவு. டிடிபிக்காரர்களும் விளம்பர நிறுவனங்களும் அதில் ஊன்றியது அதனால்தான்.

ஆனால் அந்தப் பெயர் ஓங்கியிருந்த காலத்திலேயே மேக் இரண்டு இடங்களில் பின்தங்கியிருந்தது. ஒன்று, 2009-ல் ஸ்னோ லெபர்டு வரும்வரை அதன் திரையின் ஒளி வளைவான காமா 1.8, மற்ற உலகம் 2.2-ல் இருந்தது. மேக்கில் சரியாகத் தெரிந்த படம் மற்றவர் திரையில் இருண்டு தெரியும். இரண்டு, 2008-ல் வந்த போட்டோஷாப் சிஎஸ்4 விண்டோஸில் மட்டும் 64-பிட்டாக வந்தது. மேக்காரர்கள் 2010-ன் சிஎஸ்5 வரை காத்திருந்தார்கள். அதாவது, 4 ஜிபிக்கு மேல் ராம் போட்டு அதை போட்டோஷாப்புக்கு நேரடியாகப் பயன்படுத்த முடிந்தது முதலில் நேரு பிளேஸில் பொருத்திய அசெம்பிள்டு கணினிக்காரருக்கே. இந்த இரண்டாண்டுக் கதையை மேக் பக்தர்கள் அநேகமாகச் சொல்வதில்லை.

2020 நவம்பரில் வந்த எம்1 சில்லு மேக்குக்குப் புதிய வாதம் ஒன்றைக் கொடுத்தது. குறைந்த மின்சாரம், குறைந்த சூடு, நல்ல வேகம். இதில் மறுக்க அதிகமில்லை. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ராம் சில்லோடு சேர்ந்தே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. இப்போதைக்கு இது போதும், தீபாவளிக்கு இன்னொரு ராம் போட்டுக்கொள்ளலாம் என்பது நேரு பிளேஸ் கற்றுக்கொடுத்த பழக்கம். அந்தப் பழக்கத்தோடு மேக் வாங்கினால் சிக்கல். ஐந்தாறு ஆண்டுக்கு வேண்டியதை முதல் நாளே தீர்மானித்துக் காசு கட்ட வேண்டும். 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கிய பிறகு, கூட்டிக்கொள்ளலாம் என்ற விண்டோஸ்காரரின் நம்பிக்கையும் சற்றுச் சுருங்கிவிட்டது.

விண்டோஸ் பக்கமும் சுத்தமில்லை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு போன்ற நிபந்தனைகள் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல பழைய கணினிகள் இதனால் காகிதத்தில் செத்துப்போயின. நிற மேலாண்மையைப் பொறுத்தவரை இன்று இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமம்; எந்த இயங்குதளம் என்ற சண்டைக்கு அதன் பழைய காரணம் பெரும்பாலும் போய்விட்டது எனலாம்.

வேகம் எங்கே முட்டுகிறது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் கேமரா, ஒரு பிக்சலுக்கு 14 பிட். சுருக்காத ரா கோப்பு 42 எம்பி. அதே படத்தை 16-பிட் டிஃப்பாக போட்டோஷாப்பில் திறந்தால் மூன்று நிறங்களுக்கு இரண்டிரண்டு பைட் வீதம் 144 எம்பி. அதன்மேல் முழுப் பிரதியாக நான்கு லேயர் வைத்தால் 720 எம்பி. இயங்குதளம், உலாவி, லைட்ரூம் எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும் கணினியில் 8 ஜிபி மூச்சுத் திணறுவது இதனால்தான். 16 ஜிபி என்பது இன்றைக்கு ஆடம்பரமன்று. 32 ஜிபி பனோரமா ஒட்டுபவருக்கும் 45 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவருக்கும் பயன்படும். அதற்குமேல் என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

எஸ்எஸ்டி பற்றி இப்போது சண்டையில்லை. இயங்குதளமும் படங்களைப் பட்டியலிடும் கேட்டலாகும் முன்னோட்டப் படங்களும் எஸ்எஸ்டியில் இருக்க, ரா கோப்புகள் சாதா ஹார்டு டிஸ்கில் இருந்தாலும் வேலை ஓடும்.

கிராஃபிக்ஸ் கார்டுதான் புதுச் சண்டை. நெடுநாள் அது விளையாட்டுப் பிள்ளைகளின் செலவு என்றே கருதப்பட்டது, அன்றைக்கு அது சரியும்கூட. பிறகு டிஎக்ஸ்ஓவின் இரைச்சல் நீக்கியான டீப்பிரைம் 2020-ல் வந்தது. 2023 ஏப்ரலில் அடோபி தன் ஏஐ இரைச்சல் நீக்கத்தைக் கொண்டுவந்தது. இவை படத்துக்குப் படம் கிராஃபிக்ஸ் சில்லையே பிழிகின்றன. நல்ல கார்டில் சில வினாடி, பழைய ஒருங்கிணைந்த சில்லில் பல நிமிடம். ஆகவே என்ன படம் எடுக்கிறோம் என்பதே இங்கு பதிலைத் தீர்மானிக்கிறது. ஓக்லாவில் ஜனவரிப் பனியில் ஐஎஸ்ஓவை ஏற்றி, தொடர் எடுப்பு (பர்ஸ்ட்) முறையில் வாத்துக் கூட்டத்தை எடுத்து வருபவருக்கு கார்டு மெய்யான தேவை. லோதி தோட்டத்தில் நல்ல வெயிலில் கல்லறை மாடங்களை எடுப்பவர் அந்தப் பணத்தை வேறெதிலாவது போடலாம்.

யாரும் கேட்காத மானிட்டர்

அந்த வேறெது பெரும்பாலும் மானிட்டராக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிராசஸரின் தலைமுறையை மனப்பாடமாகச் சொல்பவர்கள் திரையைப் பற்றிக் கேட்டால் அங்குலக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மலிவு லேப்டாப்பின் விவரத்தாளில் பொடி எழுத்தில் ‘45% என்டிஎஸ்சி’ என்று ஒரு வரி இருக்கும். அதன் பொருள், 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும் என்பது. கல்யாணப் பட்டுச்சேலையின் அரக்குச் சிவப்பும் மற்ற சிவப்பும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். திருத்துபவர் சிவப்பு போதவில்லை என்று ஏற்றுவார். ஆல்பத்தில் அது அடித்துக்கொண்டு நிற்கும்.

இதற்கு எதிர்முனையில் அடோபி ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் விலையுயர்ந்த திரையே வேண்டும் என்போர் இருக்கிறார்கள். வீட்டிலேயே நல்ல இங்க்ஜெட்டில் அச்சிடுபவருக்கு அது பொருந்தலாம். வெளியே அச்சுக்குக் கொடுப்பவருக்கு, லேப்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்கும் நிலையில், எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டும் ஓர் ஐபிஎஸ் திரையும் ஒரு காலிப்ரேட்டரும் போதும் என்றே படுகிறது. அச்சு இருண்டு வந்தது என்ற புகாரில் பாதி, திரை வெளிச்சத்தைக் கடையில் இருந்த அளவிலேயே விட்டுவைப்பதால் வருவது. சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் குறைத்தால் அந்தப் புகார் தானே அடங்கும்.

வாங்குவதா, வாடகையா, இலவசமா

மென்பொருள் விவாதம் தில்லியில் ஒரு நான்காவது கட்சியோடு தொடங்கியது. அதைப் பேசாமல் விடுவது நேர்மையன்று. நேரு பிளேஸ் முற்றத்தில் கள்ள சிடிகள் வெளிப்படையாக விற்ற காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் தொகுக்கும் பேர்கெட்ட சந்தைகளின் பட்டியலில் அந்த இடம் பல ஆண்டுகள் இருந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, கள்ளப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக நோக்கமில்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஒரு தலைமுறை தில்லிப் புகைப்படக்காரர்கள் போட்டோஷாப்பை இப்படித்தான் கற்றார்கள் என்பது மிகையாகாது. அதன் பக்கவிளைவு ஒன்றுண்டு. எல்லாமே முப்பது ரூபாய்க்கோ ஐம்பது ரூபாய்க்கோ கிடைத்தபோது, இலவசமாகவும் சட்டப்படியும் கிடைத்த கிம்ப் போன்றவற்றைப் பழக யாருக்கும் காரணமே இருக்கவில்லை.

காசு கொடுத்து ஒருமுறை வாங்கும் முறையின் பொற்காலம் சிறியது. ஆப்பிளின் அபெர்ச்சர் 2005-லும் அடோபியின் லைட்ரூம் 2007-லும் வந்து, ஆயிரக்கணக்கான படங்களை ஒரே கேட்டலாகில் வைத்து மூலத்தைத் தொடாமல் திருத்தும் வழியைப் பரப்பின. 2013 மே மாதம் அடோபி இனித் தன் முதன்மை மென்பொருள்களின் புதிய பதிப்புகள் சந்தாவில்தான் என்று அறிவித்தது. லைட்ரூம் மட்டும் தப்பியது, 2015-ன் ஆறாம் பதிப்பு வரை. அந்த ஆறாம் பதிப்பை வாங்கியவர்கள் இரண்டே மாதத்தில் ஒன்றைக் கண்டார்கள். 2015 ஜூனில் வந்த புகை நீக்கும் டிஹேஸ் கருவி சந்தாதாரருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. முழுப் பணம் கட்டியவருக்கு இல்லை. நவம்பரில் இந்தியா கேட்டை எடுக்கப்போய்ச் சாம்பல் திரையை எடுத்துவரும் ஊரில் இந்தக் கருவி எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சந்தாவுக்குச் சாதகமாகவும் சொல்ல உண்டு. தொடக்கச் செலவு குறைவு, புதிய கேமராக்களுக்கு உடனே ஆதரவு வருகிறது. கட்டுவதை நிறுத்தினால் படம் எல்லாம் போய்விடும் என்ற அச்சமும் முழு உண்மையன்று. லைட்ரூம் கிளாசிக்கில் திருத்தும் பகுதி மூடப்பட்டாலும் பார்க்கவும் வெளியே எடுக்கவும் முடிகிறது. ஆனால் விலையும் திட்டமும் விற்பவர் கையில். 2025 ஜனவரியில், புதிதாகச் சேருவோருக்கு 20 ஜிபி மலிவுத் திட்டம் நிறுத்தப்பட்டது இதற்கு அண்மைச் சான்று.

பெரிய நிறுவனம் என்பதும் காப்பீடாக இருக்கவில்லை. ஆப்பிள் அபெர்ச்சரை 2014-ல் கைவிட்டது. கூகுள் பிக்காசாவை 2016-ல் நிறுத்தியது. முகத்தை அடையாளம் கண்டு பாட்டி படங்களை எல்லாம் ஓரிடத்தில் திரட்டித்தந்த அந்த எளிய மென்பொருளுக்கு நடுத்தரக் குடும்பங்களில் இன்னும் சரியான மாற்று வரவில்லை. நிகானின் கேப்சர் என்எக்ஸ்2-வில் புள்ளி வைத்து அந்தப் பகுதியை மட்டும் திருத்தப் பழகியவர்கள், 2014-ல் அடுத்து வந்த என்எக்ஸ்-டியில் அந்த வசதியே இல்லாமல் நின்றார்கள். நிக் கலெக்‌ஷனை 2012-ல் வாங்கிய கூகுள் அந்த வடிகட்டித் தொகுப்பை 2016-ல் இலவசமாக்கி, 2017-ல் டிஎக்ஸ்ஓவுக்கு விற்றது. பிறகு அது மறுபடி விலைக்குப் போனது. 2025 அக்டோபரில் இலவசமாகியிருக்கும் அஃபினிட்டி திருத்து மென்பொருளைப் பார்க்கும்போது இந்த வரலாறு நினைவுக்கு வராமல் இருக்காது. பயன்படுத்திக்கொள்ளலாம், தவறில்லை, அதையே அஸ்திவாரமாக்குவதுதான் யோசிக்க வேண்டியது.

இலவசக் கட்சியான திறந்த மூலத்தின் வேர் 1997-ல் டேவ் காஃபின் தனியாளாக எழுதத் தொடங்கிய டிசிரா என்ற சிறு நிரல். கேமரா நிறுவனங்கள் ரகசியமாக வைத்திருந்த ரா வடிவங்களை அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ராதெரபியும் வேறு பல மென்பொருள்களும் அந்த உழைப்பின்மேல் எழுந்தவை. 2009-ல் தோன்றிய டார்க்டேபிள் இன்று திறனில் லைட்ரூமுக்கு அஞ்சுவதாக இல்லை. குறைகள் உண்டு. கிம்ப் 2018-ன் 2.10 பதிப்பு வரை 8-பிட்டிலேயே தங்கியிருந்தது. மூலத்தைத் தொடாத திருத்தம் 2025-ன் 3.0-ல்தான் வந்தது. நிகான் இசட்9 2021-ல் கொண்டுவந்த புதிய ரா சுருக்கம் இந்த மென்பொருள்களுக்குப் பல ஆண்டுகள் எட்டவில்லை. டார்க்டேபிளைக் கற்க ஆகும் காலமும் ஒரு செலவுதான், அது விலைப்பட்டியலில் தெரிவதில்லை.

லினக்ஸ் தமிழருக்கு அந்நியமன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பாதியில் லினக்ஸுக்கு மாறியது. சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. பெட்டிக்குள் வந்ததே தவிரப் பழக்கமாகவில்லை. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு லினக்ஸும் டார்க்டேபிளும் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டுவது இன்று நியாயமான வழி. காலிப்ரேட்டரும் பிரிண்டரும் அதில் ஒத்துழைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

வெயிலும் மின்சாரமும்

வெளிநாட்டுப் பரிந்துரைகளில் இல்லாத ஒரு வரி தில்லிக்கு வேண்டும். மேக்புக்குக்கு ஆப்பிள் குறிப்பிடும் இயங்கு வெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸ். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பின் மேல்மாடியில், ஏர்கூலர் மட்டும் உள்ள அறையில், ஜூன் மாதப் பிற்பகலில் கணினியை இயக்காமலே அந்த எல்லை தாண்டிவிடும். சூடேறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கடையில் காட்டிய வேகம் வீட்டில் வராததற்கு இதுவும் ஒரு காரணம். டவர் கணினிக்கு இங்கே ஓர் அனுகூலம்: பெரிய விசிறி, திறந்து தூசி ஊத வசதி. ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதி அதற்கு வேலை வைக்கும்.

டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் அதன் பின்புறம் யுபிஎஸ் முறைக்கு மாற்றும் சிறு விசை இருக்கிறதா என்று பார்க்கலாம். மற்ற முறையில் மின்சாரம் மாறும் இடைவெளியில் கணினி அணைந்துவிடக்கூடும். லைட்ரூம், டார்க்டேபிள் இரண்டின் கேட்டலாகும் எஸ்க்யூலைட் தரவுத்தளமே. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் அது கெட்டால், படம் இருக்கும், அடுக்கிய உழைப்பு போகும்.

மூன்று, இரண்டு, ஒன்று

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ. அவருடைய டேம் புக் என்ற நூல் 2005-ல் வந்தது. முதல் இரண்டு எல்லோருக்கும் புரிகிறது. மூன்றாவதில்தான் சறுக்கல். 2023 ஜூலையில் யமுனை பழைய ரயில் பாலத்தருகே 208.66 மீட்டர் உயர்ந்து 1978-ன் அளவை முறியடித்தபோது சிவில் லைன்ஸ் வரை நீர் வந்தது. அப்படிப்பட்ட நாளில் கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும்.

மேகச் சேமிப்பு இதற்குப் பதில் என்பது பாதி சரி. வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு டிபியை ஏற்ற இடைவிடாமல் ஒன்பது நாளுக்கு மேலாகும். 100 மெகாபிட் கிடைத்தால் 22 மணி நேரம். பைபர் இணைப்பு இருப்பவருக்கு இது சாத்தியம். தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு வேறொரு மலிவான வழியும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ வீட்டுப் பீரோவில் வைத்து, சென்ற ஆண்டு வைத்ததை எடுத்துவருவது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி இது. ஓராண்டு பின்தங்கிய பிரதிதான் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

திருவண்ணாமலைக்கு இடமில்லாத பெட்டி

படத்தோடு சேர்த்து எழுதும் குறிப்புகள் பற்றிய விவாதம் ஆங்கிலத்திலேயே நடப்பதால் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் கவனிக்கப்படுவதில்லை. பத்திரிகை உலகம் வகுத்த பழைய ஐபிடிசி முறையில் நகரத்தின் பெயருக்கு 32 பைட் மட்டுமே. யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். ‘தில்லி’ 18 பைட், உள்ளே போய்விடும். ‘திருவண்ணாமலை’ 36 பைட். கடைசிக் குறிகள் வெட்டுப்படும். 2001-ல் அடோபி அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி என்ற குறிப்பு முறையில் இந்த வரம்பில்லை. தமிழில் குறிச்சொல் இட விரும்புபவர், தன் மென்பொருள் எக்ஸ்எம்பியில் எழுதுகிறதா, பழைய பெட்டியிலும் சேர்த்து எழுதுகிறதா என்று ஒரே ஒரு படத்தில் சோதித்துவிட்டுத் தொடங்கலாம்.

இன்னும் தீராதவை

வன்பொருளில் விவாதம் ஓரளவு தணிந்துவிட்டது. 16 ஜிபிக்குக் குறையாத ராம், எஸ்எஸ்டி, முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் திரை, இரைச்சல் நீக்கம் வேண்டுபவருக்கு மட்டும் கார்டு என்ற அளவில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மேக்கா விண்டோஸா என்பது இன்று கைப்பழக்கமும் கைக்காசும் சார்ந்த தேர்வு.

திறந்து கிடப்பது மென்பொருளின் பக்கம். ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் இன்னொன்றுக்குப் போவதில்லை. எக்ஸ்எம்பி கோப்பில் எண்கள் இருக்கும். அந்த எண்களை அதே விதமாகப் புரிந்துகொள்ளும் இயந்திரம் அடுத்த மென்பொருளில் இருக்காது. 2004-ல் அடோபி முன்வைத்த டிஎன்ஜி மூலப்படத்துக்கு ஒரு பொது வடிவம் தந்தது. லைக்காவும் பென்டாக்ஸும் ஏற்றன, கேனானும் நிகானும் சோனியும் தங்கள் வடிவத்தை விடவில்லை. திருத்தங்களுக்கு அப்படி ஒரு பொது வடிவம் முயற்சியளவில்கூட வலுப்பெறவில்லை. ஏஐ கருவிகள் இதை மேலும் சிக்கலாக்குகின்றன. ஸ்லைடரின் எண்ணையாவது எழுதிவைக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆண்டின் மாதிரி செய்த இரைச்சல் நீக்கத்தை, அந்த மாதிரி மாறிய பிறகு அதே போல மறுபடி வரவைக்க முடியுமா என்பதற்கு நிறுவனங்களிடமிருந்து தெளிவான வாக்குறுதி இல்லை. முடிந்த படங்களை டிஃப்பாகவோ உயர்தர ஜேபெக்காகவோ தனியே எடுத்துவைப்பது தற்காலிக வழி. அது இடத்தைத் தின்னும், மறுபடி திருத்தும் உரிமையையும் பாதி இழக்கச் செய்யும். இந்தப் பரிமாற்றம் யாருக்கு லாபம், எத்தனை ஆண்டுக்கு என்பதை இப்போதுள்ள அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். ஏஐ கருவிகளைக் கொண்டு திருத்திய முதல் பெரிய சேமிப்புகளுக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகவில்லை.